கோயில் காளையும் ஹாக்கி அட்டவணையும்

2025 டிசம்பர் 2-ம் தேதி மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் போயிருந்தேன். ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி. இந்தியாவும் சுவிட்சர்லாந்தும் ஆடின. விளக்கு வெளிச்சத்தில் நீலக் கலர் தரை பளபளக்க, தண்ணீர் தெளித்த செயற்கைப் புல்லில் பந்து சோப்பு மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. பந்து எகிறி முழங்காலைப் பதம்பார்க்கும் மண் தரையில் ஹாக்கி பார்த்தே வளர்ந்தவன் நான். ‘நம்ம மதுரையா இது!’ என்று வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் என் கல்லூரித் தோழன். எங்கள் டீமின் கேப்டன். சென்டர் ஹாஃப். இப்போது மேலூர்ப் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறான். நானும் அதே டீமில் இருந்தேன் என்றால் நம்புவீர்களா? ரிசர்வ் கோல்கீப்பர். அதாவது மூன்று வருஷமும் பெஞ்சில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதியவன். பி.காம். பையன் என்பதால் பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவுக் கணக்கையும் என் தலையில் கட்டியிருந்தார்கள்.

இந்தியா 5-0 என்று ஜெயித்தது. கூட்டம் கலையும்போது கேப்டன் சொன்னான்:

“மாப்ள, இந்தப் போட்டியில கடைசி இடத்துக்கு வர்ற டீம்கூட ஆறு மேட்ச் ஆடிட்டுத்தான்டா ஊருக்குப் போகும். நாம காலேஜ்ல மூணு வருஷத்துல எத்தன மேட்ச் ஆடுனோம், ஞாபகம் இருக்கா?”

ஞாபகம் இல்லாமல் என்ன? கணக்கு எழுதியவன் நான்தானே. மூன்று. வருஷத்துக்கு ஒன்று.

இந்த வாரம் அந்த மூன்று மேட்ச்சைப் பற்றித்தான்.

* * *

எங்கள் கல்லூரியின் பெயர் வேண்டாம். போட்டி நடத்தியவர்கள் பெயரும் வேண்டாம். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய புண்ணை இப்போது யார்மேலும் தடவ விரும்பவில்லை. நடந்தது இவ்வளவுதான். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு விடிகாலையில் பஸ் பிடித்துப் போவோம். முதல் ரவுண்டிலேயே, போன வருஷம் கோப்பை வாங்கிய டீமோடு மோதல். 0-6. மறு வருஷம் மறுபடி அதே டீம், அதே முதல் ரவுண்டு. 1-5. மூன்றாம் வருஷம் வேறு டீம் கிடைத்தது. ஆனால் மேட்ச் நடந்தது உச்சி வெயிலில், பன்னிரண்டு மணிக்கு. 1-2. மூன்று தடவையும் மத்தியானச் சாப்பாட்டை பஸ் ஸ்டாண்டில் சாப்பிட்டோம். அந்த பில் மட்டும் என்னிடம் ரொம்ப நாள் இருந்தது.

நாங்கள் அப்படியொன்றும் பெரிய டீம் இல்லை. தோற்றதற்கு அட்டவணைமேல் பழி போட்டால் கேப்டனே சிரிப்பான். ஆனால் ஒரு கேள்வி அப்போதே எனக்கு உறுத்தியது. அந்த அட்டவணையை யார், எங்கே, எப்போது போட்டார்கள்? சீட்டுக் குலுக்கினோம் என்றார்கள். குலுக்கியதை எங்கள் டீமில் யாரும் பார்க்கவில்லை. நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அது சார்ட் பேப்பரில் அழகான கையெழுத்தில் தயாராக ஒட்டியிருந்தது.

மைதானத்தில் இரண்டு அம்பயர் இருக்கிறார்கள். விசில் தப்பாக ஊதினால் சுற்றி நிற்கிற முந்நூறு பேரும் கத்துவார்கள். அந்த சார்ட் பேப்பர் மூன்றாவது அம்பயர். மேட்ச் ஆரம்பிப்பதற்கு முதல் நாளே விசில் ஊதிவிட்டுப் போய்விடுகிறது. அதைப் பார்த்து யாரும் கத்துவதில்லை.

* * *

அட்டவணை எப்படிப் போடுகிறார்கள் என்று கொஞ்சம் பார்ப்போம். கணக்கு என்றால் ஓடாதீர்கள். கூட்டல் கழித்தல்தான்.

தோற்றவன் வீட்டுக்குப் போகும் நாக்-அவுட் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். பதினோரு டீம் வந்திருக்கிறது. 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகும் எண்ணாக இருந்தால்தான் இது சரியாக மடங்கும். பதினொன்றுக்கு அடுத்து அப்படி வரும் எண் 16. பதினாறில் பதினொன்று போக ஐந்து. ஆக, ஐந்து டீமுக்கு முதல் ரவுண்டில் ஆட்டமே கிடையாது. இதற்கு ‘பை’ என்று பெயர். மிச்சம் ஆறு டீம் மோதி மூன்று ஜெயிக்கும். மூன்றும் ஐந்தும் எட்டு. கால் இறுதி தயார்.

இந்த ‘பை’யை யாருக்குக் கொடுப்பது என்பதற்கு உடற்கல்விப் பாடப் புத்தகத்தில் தெளிவாக விதி இருக்கிறது. பட்டியலை மேல் பாதி, கீழ் பாதி என்று பிரிக்க வேண்டும். முதல் ‘பை’ கீழ்ப் பாதியின் கடைசி டீமுக்கு. இரண்டாவது மேல் பாதியின் முதல் டீமுக்கு. மூன்றாவது கீழ்ப் பாதியின் முதல் டீமுக்கு. நான்காவது மேல் பாதியின் கடைசி டீமுக்கு. அப்புறம் மறுபடி கீழே, மேலே என்று இதே வரிசை. நல்ல விதி. யாருடைய முகத்தையும் பார்க்காத விதி.

ஆனால் பாருங்கள், 1-ம் நம்பரும் 11-ம் நம்பரும் யாருக்கு விழுகிறதோ அவர்களுக்கு ‘பை’ நிச்சயம் என்பது சீட்டு எடுப்பதற்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். விதி எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் சீட்டு எடுக்கும் கை நேர்மையாக இருந்தால்தான் பலன். நான் பார்த்த ஒரு போட்டியில் நடத்துகிற கல்லூரிக்கே தொடர்ந்து கடைசி நம்பர் விழுந்தது. தற்செயலாகத்தான் இருக்கும். சீட்டுக் குலுக்கிய டப்பாவுக்கு விருந்தோம்பல் தெரியாதுபோல, வந்தவர்களை விட்டுவிட்டு வீட்டுக்காரரையே கவனித்திருக்கிறது.

மதுரைக்காரர்களுக்கு இதை வேறு மாதிரி சொன்னால் சட்டென்று புரியும். ஜல்லிக்கட்டில் வாடிவாசலைத் திறந்ததும் முதலில் கோயில் காளையை அவிழ்த்துவிடுவார்கள். யாரும் பிடிக்க மாட்டார்கள். தொட்டுக் கும்பிட்டு வழிவிடுவார்கள். அது மரியாதை. போட்டி அதற்குப் பிறகுதான் ஆரம்பம். அதனால் யாருக்கும் வருத்தமில்லை. கல்லூரி ஹாக்கியில் சில இடங்களில் கோயில் காளைக்கு மரியாதையும் செய்துவிட்டு, பரிசு கொடுக்கும் பட்டியலிலும் அதைச் சேர்த்துவிடுகிறார்கள். என் புகார் அங்கேதான்.

* * *

‘சரி சார், எல்லோருக்கும் ஒரே மாதிரி சீட்டுக் குலுக்கிவிட்டால் போச்சு. எதற்கு சீடிங், கீடிங் எல்லாம்?’ என்று கேட்கலாம். நானும் கல்லூரி நாட்களில் அப்படித்தான் நினைத்தேன். அது தப்பு என்று ஒரு கணக்கு வாத்தியார் 1883-லேயே எழுதிவைத்துவிட்டார்.

அவர் பெயர் சார்லஸ் டாட்ஜ்சன். ஆக்ஸ்ஃபோர்டில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். லூயிஸ் கரோல் என்று சொன்னால் உடனே தெரியும். ஆலிஸ் என்ற சின்னப் பெண்ணை முயல் வளைக்குள் இறக்கிவிட்டு உலகத்தையே படிக்கவைத்த அதே ஆசாமி. டென்னிஸ் போட்டிகளில் பரிசு கொடுக்கும் முறை தப்பு என்று ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அவர் சொன்னது இதுதான். 32 பேர் ஆடுகிறார்கள். எப்போதும் திறமைசாலிதான் ஜெயிக்கிறான் என்றே வைத்துக்கொள்வோம். முதல் பரிசு சரியான ஆளுக்குத்தான் போகும். ஆனால் இரண்டாவது திறமைசாலிக்கு இரண்டாம் பரிசு கிடைக்க 31-ல் 16 பங்குதான் வாய்ப்பு. ஏறக்குறைய காசு சுண்டிப் போடுகிற மாதிரி. ஏனென்றால் அவன் முதல் திறமைசாலியின் பாதியில் மாட்டிக்கொண்டால் ஃபைனலுக்கு முன்பே அவுட். மறு பாதியில் அவனைவிடச் சுமாரான ஆள் ஜாலியாக ஃபைனலுக்கு வந்து வெள்ளிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போவான்.

நம் கல்லூரிப் போட்டிக்குப் பதினாறு டீம் என்று வைத்தால் இது 15-ல் 8. முதல் ரவுண்டிலேயே முதலும் இரண்டாமும் மோதிக்கொள்ள 15-ல் ஒரு வாய்ப்பு.

இதற்கு மருந்தாக வந்ததுதான் சீடிங். தோட்டத்தில் விதையை இடைவெளி விட்டு ஊன்றுவதுபோல பலமான ஆட்டக்காரர்களை அட்டவணையில் தள்ளித் தள்ளி வைப்பதால் வந்த பெயர் என்பார்கள். விம்பிள்டனில் 1927-ல் முழுமையாகக் கொண்டுவந்தார்கள். அதாவது, பலசாலிகள் சீக்கிரமே ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு சாகாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. அதில் நியாயம் இருக்கிறது. முதல் நாள் காலை எட்டு மணிக்கே ஃபைனல் முடிந்துவிட்டால் கோப்பை கொடுக்க வரும் சிறப்பு விருந்தினர் என்ன செய்வார், பாவம்!

ஆக, சீடிங் வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்குச் சண்டை இல்லை. எதை வைத்து சீடிங் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் சண்டை.

* * *

கல்லூரிப் போட்டியில் பெரும்பாலும் போன வருஷ ரிசல்ட்டை வைத்துக் கொடுக்கிறார்கள். போன வருஷம் அரை இறுதிக்கு வந்த நாலு டீம், இந்த வருஷம் நாலு மூலையில். எங்கள் பாஷையில் சொன்னால், போன வருஷ குளோசிங் பேலன்ஸ் இந்த வருஷ ஓபனிங் பேலன்ஸ். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் சரக்கு அப்படியே இருக்கிறதா? டிகிரி கோர்ஸ் மூன்று வருஷம். எந்த டீமை எடுத்தாலும் மூன்றில் ஒரு பங்குப் பையன்கள் வருஷா வருஷம் டிகிரி வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தக் கோப்பையை ஜெயித்துக் கொடுத்த கோல்கீப்பர் இப்போது ஏதோ கம்பெனியில் சேல்ஸ்மேன். ஃபார்வர்டு பி.எட். படிக்கப் போய்விட்டான். பெயர் மட்டும் அதே கல்லூரி. தேய்மானம் போடாமல் பழைய மெஷினைப் புது விலைக்குக் கணக்கில் காட்டினால் எங்கள் ஆடிட்டிங் வாத்தியார் நோட்டைத் தூக்கி எறிவார். விளையாட்டில் அதையே ‘மரபு’ என்கிறோம்.

இதைவிடப் பெரிய சலுகை ஒன்று உண்டு. ‘ஸ்பெஷல் சீடிங்’. பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. சில டீம்கள் முதல் ரவுண்டுகளில் ஆடவே வேண்டாம், நேரே கால் இறுதிக்கோ அரை இறுதிக்கோ வந்தால் போதும். இருபது டீம் வருகிறது என்று வையுங்கள். நாலு டீம் நேரே கால் இறுதியில் உட்கார்ந்துவிட்டது. மிச்சம் பதினாறும் இரண்டு ரவுண்டு அடித்துக்கொண்டு நாலாகச் சுருங்க வேண்டும். கோப்பை வாங்க அவர்களுக்கு ஐந்து வெற்றி தேவை. உட்கார்ந்திருப்பவர்களுக்கு மூன்றே போதும்.

அந்த இரண்டு மேட்ச் என்பது காகிதத்தில் இரண்டுதான். காலில் அது எவ்வளவு என்று ஆடியவர்களைக் கேளுங்கள். ஒரு ஹாக்கி மேட்ச் அறுபது நிமிஷம். அடுத்தடுத்த நாள் இரண்டு மேட்ச் ஆடி, ராத்திரி ஏதோ ஒரு கல்லூரி ஹாலில் ஜமக்காளம் விரித்துப் படுத்து, கொசுக்கடியில் எழுந்து வரும் பையன்கள் ஒரு பக்கம். நன்றாகத் தூங்கி, இட்லி சாப்பிட்டு, கேலரியில் உட்கார்ந்து எதிராளியின் பலவீனத்தைக் குறிப்பெடுத்த பையன்கள் மறு பக்கம். இதில் இவர்கள் ஜெயித்தால், ‘பார்த்தீர்களா, சீடிங் கரெக்ட்’ என்கிறோம். பந்தியில் முதலில் உட்காரவைத்துவிட்டு, ‘பாருங்கள், இவர்தான் நிறையச் சாப்பிட்டார்’ என்று சொல்வது மாதிரி.

* * *

சீடிங் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல சாட்சி உண்டு. ஹாக்கி இல்லை, செஸ். 2022-ல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாட்.

செஸ்ஸில் சீடிங் கொடுப்பது ஞாபகத்தை வைத்தோ, மரியாதையை வைத்தோ இல்லை. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ரேட்டிங் இருக்கிறது. உலகத்திலேயே துல்லியமான சீடிங் என்று சொல்லலாம். அப்படியிருந்தும் ஓபன் பிரிவில் நடந்தது என்ன? முதல் சீட் அமெரிக்கா ஐந்தாவது இடம். இரண்டாவது சீட், இந்தியாவின் முதல் அணி, நான்காவது இடம். தங்கம் வாங்கிய உஸ்பெகிஸ்தான் 14-வது சீட். வெள்ளி வாங்கிய ஆர்மீனியா 12. வெண்கலம் வாங்கியது குகேஷும் பிரக்ஞானந்தாவும் இருந்த இந்தியாவின் இரண்டாவது அணி. சீட் நம்பர் 11.

இவர்கள் எல்லாம் மேலே வர முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அது நாக்-அவுட் இல்லை, ‘சுவிஸ்’ முறை. தோற்றாலும் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. ஜெயித்தவன் ஜெயித்தவனோடு, தோற்றவன் தோற்றவனோடு என்று பதினோரு சுற்றும் எல்லோரும் ஆடுவார்கள். முதல் சுற்றுக்குத்தான் சீடிங் ராஜா. அதற்கப்புறம் நீ என்ன செய்தாயோ அதுதான் உன் அட்டவணை. ரேட்டிங் உள்ள விளையாட்டிலேயே சீடிங் இவ்வளவு பிசகும் என்றால், போன வருஷ ரிசல்ட்டையும் பிசிகல் டைரக்டர்களின் ஞாபகசக்தியையும் வைத்துப் போடும் சீடிங் எவ்வளவு பிசகும்!

* * *

‘அப்படியானால் குரூப் குரூப்பாகப் பிரித்து லீக் வைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?’ முழுக்க ஆகாது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் பாட்மிண்டன் பெண்கள் இரட்டையர் போட்டிக்குக் குரூப் முறையைக் கொண்டுவந்தார்கள். குரூப்பில் முதலிடம் வந்தால் அடுத்த சுற்றில் கஷ்டமான ஜோடி, இரண்டாம் இடம் வந்தால் தோதான ஜோடி என்று சிலருக்கு அமைந்துவிட்டது. அவ்வளவுதான். உலகின் நம்பர் ஒன் சீன ஜோடி வேண்டுமென்றே பந்தை வலையில் அடித்தது. எதிரே இருந்த கொரிய ஜோடியும் சளைக்கவில்லை. தோற்பதற்குப் போட்டி! கடைசியில் சீனா, கொரியா, இந்தோனேசியா என்று நாலு ஜோடி, எட்டுப் பேரை வெளியேற்றினார்கள். நம் ஜுவாலா கட்டா - அஸ்வினி பொன்னப்பா ஜோடி, தங்கள் குரூப்பின் இன்னொரு ஆட்டத்தில் சந்தேகம் என்று புகார் கொடுத்தது. புகார் எடுபடவில்லை. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கால் இறுதியைத் தவறவிட்டார்கள். பிற்பாடு விதியை மாற்றினார்கள். குரூப் ஆட்டம் முடிந்த பிறகு, இரண்டாம் இடக்காரர்களுக்கு மறுபடி சீட்டுக் குலுக்கல். யாரோடு மோதுவோம் என்பது முன்கூட்டியே தெரிந்தால்தானே கணக்குப் போட்டுத் தோற்கத் தோன்றும்!

நம் ஊரில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையையே எடுத்துக்கொள்ளுங்கள். பாகிஸ்தான் விலகிக்கொண்டதும் அந்த இடத்தில் ஓமனை வைத்தார்கள். இந்தியா சிலியை 7-0, ஓமனை 17-0, சுவிட்சர்லாந்தை 5-0 என்று அடித்தது. 29 கோல் போட்டு ஒன்றுகூட வாங்கவில்லை. கைதட்டி மகிழ்ந்தோம். கால் இறுதியில் பெல்ஜியத்தோடு 2-2 ஆகி, ஷூட்-அவுட்டில் 4-3 என்று தப்பித்தோம். அரை இறுதியில் ஜெர்மனியிடம் 1-5. பிறகு அர்ஜென்டினாவை 4-2 என்று ஜெயித்து வெண்கலம். சுலபமான குரூப் என்பது வரமா சாபமா என்று யோசிக்கவேண்டியிருக்கிறது. மூன்று மேட்ச்சாகப் பெரிய சோதனையே வராத ஒரு தடுப்பாட்டம், நான்காவது மேட்ச்சில் திடீரென்று பரீட்சை எழுதியது. அட்டவணையின் சலுகை, சலுகை வாங்கியவனுக்கும் எப்போதும் நல்லது செய்வதில்லை.

* * *

ஆனால் அந்த உலகக் கோப்பை ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்தது. கேப்டன் சொன்னானே, அது. 24 டீம், 72 மேட்ச், ஒவ்வொரு டீமுக்கும் ஆறு. குரூப்பில் கீழே போனவர்களுக்கும் 9 முதல் 16 வரை, 17 முதல் 24 வரை என்று தனித்தனி ஆட்டங்கள்.

அதனால் என்ன ஆயிற்று தெரியுமா? அந்தத் தொடரில் அதிக கோல் போட்டது தங்கம் வாங்கிய ஜெர்மனிக்காரர் இல்லை. ஃபைனலுக்கு வந்த ஸ்பெயின்காரரும் இல்லை. அமீருல் இஸ்லாம் என்கிற பங்களாதேஷ் பையன். பெனால்ட்டி கார்னர் அடிப்பதில் கெட்டிக்காரர். 18 கோல். அவருடைய டீம் முதல்முறையாக ஜூனியர் உலகக் கோப்பைக்கு வந்திருந்தது. பிரான்ஸ், ஆஸ்திரேலியா, கொரியா இருந்த குரூப்பில் மாட்டிக்கொண்டு கால் இறுதிக்கு வரவில்லை. கடைசியில் ஆஸ்திரியாவை 5-4 என்று ஜெயித்து 17-வது இடம் பிடித்தது.

நாக்-அவுட்டாக இருந்து, முதல் ரவுண்டில் பிரான்ஸோடு போட்டிருந்தால்? அமீருல் ஒரு மேட்ச் ஆடிவிட்டு டாக்காவுக்கு விமானம் ஏறியிருப்பார். 18 கோல் அடிக்கும் பையன் ஒருவன் இருந்தான் என்பதே உலகத்துக்குத் தெரிந்திருக்காது.

நம் கல்லூரிகளில் எத்தனை அமீருல்கள் பஸ் ஸ்டாண்டில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டார்களோ!

இது வெறும் கோப்பை விவகாரமும் இல்லை. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியைப் பார்த்துத்தான் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடிய பையனுக்கு ‘படிவம் 3’ என்று ஒரு சான்றிதழ் கிடைக்கும். மத்திய அரசில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு விண்ணப்பிக்க அது ஒரு தகுதி. ஒரு கிராமத்துக் குடும்பத்தில் அந்தக் காகிதத்துக்கு என்ன மதிப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது யோசியுங்கள். தேர்வாளர்கள் ஒரு பையனை அறுபது நிமிஷம் பார்க்கிறார்கள், இன்னொருவனை மூன்று நாள் பார்க்கிறார்கள். அறுபது நிமிஷப் பையன் அன்றைக்குத் தன் டீமின் கோல் பக்கமே நின்று அடி வாங்கிக்கொண்டிருந்தான் என்றால், அவனுக்கு அடிக்கத் தெரியும் என்று யாருக்குத் தெரியும்?

* * *

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் வாசகர்கள் விட மாட்டீர்கள். பி.காம். மூளைக்கு எட்டிய கணக்கு இது.

பதினாறு டீம். நாக்-அவுட் என்றால் 15 மேட்ச். ஒரு மைதானத்தில் நாளைக்கு ஐந்து மேட்ச் என்றால் மூன்று நாளில் முடிந்தது. ஆனால் எட்டு டீம், சரிபாதி, ஒரே மேட்ச்சோடு வீட்டுக்குப் போகும். எல்லோரும் எல்லோரோடும் ஆடும் முழு லீக் என்றால் 120 மேட்ச், 24 நாள். பிரின்சிபால் மயங்கி விழுந்துவிடுவார். நாலு நாலாகப் பிரித்து குரூப், அப்புறம் அரை இறுதி, மூன்றாம் இடம், ஃபைனல் என்றால் 28 மேட்ச், ஆறு நாள். யாருக்கும் மூன்று மேட்ச்சுக்குக் குறையாது.

ஆறு நாளுக்கு மைதானம் கிடைக்காது, வகுப்பு போகும், சாப்பாட்டுச் செலவு யார் தருவது என்று பிசிகல் டைரக்டர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பட்ஜெட்டில் விளையாட்டுக்கு எவ்வளவு ஒதுக்குகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களில் பலர் கைக்காசு போட்டு டீமைக் கூட்டி வருகிறவர்கள். அவர்களோடு எனக்குப் பகை இல்லை.

அப்படியானால் சிக்கன வழி ஒன்று இருக்கிறது. முதல் ரவுண்டில் தோற்ற எட்டு டீமுக்கும் தனியாக ஒரு சின்ன நாக்-அவுட். கூடுதலாக ஏழே ஏழு மேட்ச். மொத்தம் 22, ஐந்து நாள். ஒரு கோப்பை கூடுதலாக வாங்க வேண்டும். நம் பக்கத்தில் கோப்பைக்கா பஞ்சம்! யாரும் ஒரே மேட்ச்சோடு திரும்ப மாட்டார்கள்.

காசே செலவாகாத யோசனை இரண்டு. ஒன்று, எந்த டீமுக்கு எதற்காக சீடிங் என்பதை சீட்டு எடுப்பதற்கு முன்பே எழுதி ஒட்டுங்கள். போன வருஷ வெற்றிக்கு மதிப்பு கொடுங்கள், தப்பில்லை. அந்த டீமில் எத்தனை பேர் இன்னும் கல்லூரியில் இருக்கிறார்கள் என்றும் பார்த்துத் தேய்மானம் கழியுங்கள். இரண்டு, எல்லா கேப்டன்களையும் நிறுத்தி அவர்கள் கையாலேயே சீட்டு எடுக்கச் சொல்லுங்கள். உச்சி வெயில் மேட்ச் யாருக்கு என்பதற்கும் சேர்த்து. ஆளுக்கொரு செல்போன் இருக்கிற காலம். வர முடியாத டீமுக்கு வீடியோவில் காட்டலாம். தன் கையால் எடுத்த சீட்டில் சாம்பியன் டீம் வந்தால், பையன் தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பான். ஒட்டிவைத்த பேப்பரில் வந்தால் இருபத்தைந்து வருஷம் கழித்தும் என்னைப்போல எழுதிக்கொண்டிருப்பான்.

* * *

கேப்டனின் மகன் இப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். ஃபுல் பேக். பெனால்ட்டி கார்னரில் பந்தைச் சுண்டித் தூக்குவான் என்று அப்பன் பெருமையாகச் சொல்வான். உலகக் கோப்பை முடிந்து கொஞ்ச நாள் கழித்து, கேப்டனிடமிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. ஒரு போட்டியின் அட்டவணை. பதினோரு டீம். மகனின் கல்லூரி எட்டாம் நம்பர். முதல் ரவுண்டு ஆட்டம். பதினோராம் நம்பருக்கு நேரே, நடத்துகிற கல்லூரியின் பெயர்.

போன் போட்டேன். “என்னடா மாப்ள, மறுபடியும் ஆரம்பிச்சுட்டாய்ங்களா?” என்றேன்.

“நான் ஒண்ணும் சொல்லலடா. நான் பார்த்துட்டு சும்மாதான் இருந்தேன். பயதான் கேட்டான்.”

“என்ன கேட்டான்?”

“‘அப்பா, இந்தப் பதினோராம் நம்பர் சீட்ட யார் எடுத்தா?’ன்னு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. நீதான் கணக்கு எழுதுனவன், நீயே சொல்லு.”

எனக்கும் தெரியவில்லை. போட்டி நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தப் பையனுக்குப் பதில் சொல்லுங்கள்.